பழைய அளவைச் சக்கரம் கைக்கு வந்தால்: உருட்டுவதற்கு முன்னும் பின்னும்

மர ஆரக்கால் வைத்த ஒற்றைச் சக்கரம். அதைப் பிடித்திருக்கும் ஒரு கவை, கவையின் மேல் கைப்பிடி, கைப்பிடிக்குக் கீழே கடிகாரம் மாதிரி ஒரு பித்தளை முகப்பு. முதல்முறை பார்க்கிறவர்கள் கடிகாரம் வைத்த தள்ளுவண்டி என்றுதான் நினைப்பார்கள். நில அளவையாளர்களும் வரைபடக்காரர்களும் சாலை நெடுகத் தள்ளிக்கொண்டு போன தூரம் அளக்கும் சக்கரம் இது. ஆங்கிலத்தில் வேவைசர், பெராம்புலேட்டர் என்று இரண்டு பெயர். இரண்டாவது பெயர் பிற்பாடு குழந்தை வண்டிக்குப் போய்விட்டதால், அந்தப் பெயரில் தேடினால் முதலில் வந்து நிற்பது குழந்தை வண்டிகள்தான். எரிச்சலாகாமல் தொடர்ந்து தேடுங்கள்.

வாங்கியதாகவோ, வீட்டுப் பரணில் கிடைத்ததாகவோ, அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகப் போய்ப் பொறுப்பில் வந்ததாகவோ இருக்கட்டும். ஒரு பழைய சக்கரம் கைக்கு வந்தால் அதைப் படிப்பது, சோதிப்பது, அதை வைத்து ஒரு சாலையை அளந்து காகிதத்தில் போடுவது எல்லாம் எப்படி என்பதைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முகப்பு காட்டுவது தூரம் இல்லை, சுற்றுகளின் எண்ணிக்கை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது உங்கள் சக்கரத்துக்கே உரிய எண். அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் சுற்றளவு

எண்ணெய், துணி, பாலிஷ் எதையும் தொடாதீர்கள். ஒரு டேப்பை மட்டும் எடுங்கள். இரும்புப் பட்டாவின் மேல் சுற்றி அளந்தால் டேப் அங்கங்கே தூக்கிக்கொள்ளும். அதனால் பட்டாவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தில் தரையிலும் ஒரு கோடு போடுங்கள். வழவழப்பான தரையில் ஒரே ஒரு சுற்று நேராக உருட்டி, கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் சுற்றளவு.

18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சக்கரம் என்றால் இது பெரும்பாலும் 8 அடி 3 அங்குலம், அதாவது 99 அங்குலம் வரும். மெட்ரிக்கில் 2.515 மீட்டர். விட்டம் 31½ அங்குலம். ஏன் இப்படி ஒரு கோணல் எண் என்று தோன்றும். கணக்கைப் போட்டால் புரிந்துவிடும். 'போல்' என்ற பழைய ஆங்கில நீள அலகு 16½ அடி, அதாவது இரண்டு சுற்று. எட்மண்ட் கண்டர் 1620-இல் கொண்டுவந்த அளவைச் சங்கிலி 66 அடி, அது 8 சுற்று. ஒரு பர்லாங் 660 அடி, 80 சுற்று. ஒரு மைல் 5,280 அடி, சரியாக 640 சுற்று. பின்னமே வராமல் பல்சக்கரம் வெட்டிவிடலாம். அந்தக் காலத்துக் கருவிக் கொல்லர்களின் கெட்டிக்காரத்தனம் இந்த 99-க்குள் இருக்கிறது.

வேறு எண் வந்தால் பதற வேண்டாம், அது துப்பு. 10 அடி 6 அங்குலம் வந்தால் அயர்லாந்து மைலை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பெர்ச் (போலுக்கு இன்னொரு பெயர்) 21 அடி, மைல் 6,720 அடி. அதையும் 640 சுற்றால் வகுத்தால் பத்தரை அடி. அதே 640 சுற்றுதான், ஆனால் மைல் வேறு. முகப்பில் 'மைல்' என்று பொறித்திருப்பதால் அது நமக்குத் தெரிந்த மைல் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு கால் பங்குக்கு மேல் தப்பிவிடும்.

99-க்குப் பதில் 98 சொச்சம் வருகிறதா? பட்டா தேய்ந்திருக்கும், அல்லது யாரோ பட்டாவை மாற்றியிருப்பார்கள். பட்டாவின் கனத்தில் 3 மில்லிமீட்டர் தேய்ந்தாலே சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் குறையும். கிலோமீட்டருக்கு ஏழரை மீட்டர் கூடுதலாகக் காட்டும். தேய்ந்த சக்கரம் எப்போதும் தூரத்தைக் கூட்டித்தான் சொல்லும், குறைத்துச் சொல்லாது. சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்ற வேண்டுமே.

போலியா அசலா என்பதற்கும் இந்த அளவு உதவும். வரவேற்பறை அலங்காரத்துக்காகச் செய்தவர் பெரும்பாலும் 99 அங்குலத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். பெஞ்சமின் கோல், ஜார்ஜ் ஆடம்ஸ், டாலண்ட், டபிள்யூ அண்ட் எஸ் ஜோன்ஸ் மாதிரி லண்டன் கருவி செய்வோரின் பெயர்கள் முகப்பில் இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் பெயரைப் பொறிப்பது சுலபம். சுற்றளவும் பல்சக்கர எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்துவதுபோல் செய்வது கஷ்டம். நான் பெயரைவிட எண்ணைத்தான் நம்புவேன்.

உள்ளே என்ன நடக்கிறது

பல சக்கரங்களில் குடத்தின் (ஆரக்கால்கள் சேரும் நடுப்பகுதி) அச்சிலிருந்து கவையின் ஒரு கை வழியாக மெல்லிய தண்டு ஒன்று மேலே ஏறி முகப்புப் பெட்டிக்குள் போகும். கையைப் பிளந்து பார்க்கத் தேவையில்லை. சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிக் காதை வைத்தால் தண்டு திரும்பும் சத்தம் கேட்கும். பெட்டிக்குள் திருகுப்பல்லும் பல்சக்கரங்களும் கடிகாரம்போல் வேகத்தைக் குறைத்து முட்களை நகர்த்தும்.

வேறு சிலவற்றில் முள்ளே கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பல்தட்டுகள் இருக்கும். ஒன்றில் 100 பல், மற்றதில் 101. இரண்டையும் ஒரே திருகுதான் ஓட்டும். திருகு ஒரு தடவை சுற்றினால் இரண்டு தட்டும் ஒவ்வொரு பல் நகரும். 100 சுற்று முடியும்போது முதல் தட்டு ஒரு முழு வட்டம் வந்திருக்கும், இரண்டாவது தட்டு ஒரே ஒரு பல் பின்தங்கி நிற்கும். அடுத்த நூறில் இன்னொரு பல். ஆக, இரண்டு தட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் எத்தனை நூறு ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டே தட்டில் பத்தாயிரம் வரை எண்ணலாம். இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு மாலை முழுவதும் சும்மா சுழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் செய்திருக்கிறேன்.

முகப்பைப் படிப்பது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பொதுவாக இரண்டு முள், இரண்டு மூன்று வளையம். கஜம், போல், பர்லாங், மைல் எல்லாம் நெருக்கிப் பொறித்திருக்கும். எந்த முள் எந்த வளையத்துக்கு என்பது செய்தவருக்குச் செய்தவர் மாறும். ஊகிக்காதீர்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, சாக்பீஸ் கோட்டை எண்ணியபடி கையால் 80 சுற்று சுற்றுங்கள். நீள முள் ஒரு முழு வட்டம் வந்தால் அது ஒரு பர்லாங்குக்கு ஒரு வட்டம். எட்டில் ஒரு பங்கு மட்டும் நகர்ந்தால் அது மைலுக்கு ஒரு வட்டம். இதை ஒரு அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்.

ஒரு உதாரணம். நீள முள் பர்லாங்குக்கு ஒரு வட்டம், குட்டி முள் மைலையும் அதன் எட்டுப் பங்குகளையும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குட்டி முள் 3 மைலைத் தாண்டி ஐந்தாவது பர்லாங் கோட்டையும் சற்றுத் தாண்டி நிற்கிறது. நீள முள் 17-ஆவது போலில். அப்படியானால் 3 மைல், 5 பர்லாங், 17 போல். அடிக் கணக்கில் 15,840, 3,300, 280½. கூட்டினால் 19,420½ அடி, கிட்டத்தட்ட 5,919 மீட்டர். சுற்றுக் கணக்கில் சரியாக 2,354. நான் குறிப்பேட்டில் சுற்று எண்ணிக்கையைத்தான் எழுதுவேன். மீட்டரும் அடியும் வீட்டுக்கு வந்தபிறகு.

ஒரு பொறி இருக்கிறது. கடிகாரத்தில் ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது குட்டி முள் ஐந்தின்மேலேயே நிற்பதுபோல் தெரியும் அல்லவா? இங்கேயும் அப்படியே. நீள முள் 38 போலில் இருந்து, குட்டி முள் அடுத்த பர்லாங் கோட்டைத் தொட்டதுபோல் தெரிந்தால், அந்தப் பர்லாங் இன்னும் முடியவில்லை. முந்தையதைத்தான் எழுத வேண்டும். கோட்டின்மேல் முள் நிற்கும்போதெல்லாம் நீள முள்ளிடம் நியாயம் கேளுங்கள்.

அப்புறம், முட்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் வசதி இல்லாத சக்கரங்களும் உண்டு. நான் முதன்முதலில் உருட்டியது அப்படிப்பட்ட ஒன்று. தொடங்கும்போது முள் எங்கே நின்றது என்று பார்க்காமலேயே கிளம்பிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் தள்ளி முடித்து, முகப்பைக் குனிந்து பார்த்து, எழுதக் குறிப்பேட்டையும் திறந்த பிறகுதான் உறைத்தது. கையில் இருந்தது ஒரு கழித்தல் கணக்கின் பாதி. திரும்பி நடந்தேன், மறுபடி முதலிலிருந்து. விரலால் முள்ளைத் தள்ளிப் பூஜ்யத்தில் வைத்துவிடலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள், உள்ளே பல் உடையும்.

சக்கரத்தின் சொந்த எண்ணைக் கண்டுபிடிப்பது

வரவேற்பறையில் எடுத்த ஒரு சுற்று அளவு போதாது. சக்கரம் முழு வட்டமாக இருக்காது, அச்சு கொஞ்சம் ஆடும், வெளித்தரையில் கல்லும் புழுதியும் இருக்கும். அதனால் நீங்கள் அளக்கப்போகும் தரை மாதிரியே உள்ள, நேரான, சமமான ஓர் இடத்தில் சோதிக்க வேண்டும்.

முதலில் தளர்ச்சியைப் பாருங்கள். பத்துச் சுற்று முன்னே, பத்துச் சுற்று பின்னே உருட்டினால் முள் கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். வராமல் கொஞ்சம் தள்ளி நின்றால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே தளர்வான இடைவெளி இருக்கிறது. அதற்கு மருந்து எளிது: ஒவ்வொரு முறையும் குறிக்கு ஒரு முழத்துக்கு முன்பே வைத்து, முன்னோக்கி உருட்டிக்கொண்டு வந்து குறியில் நிறுத்துங்கள். பல்லெல்லாம் ஒரே பக்கமாக ஒட்டிவிடும்.

இப்போது தொடக்கக் குறியிலிருந்து சரியாக 80 சுற்று உருட்டுங்கள். எண்பதாவது சுற்று முடியும் இடத்தில் தரையில் ஆணி அடியுங்கள். குறியிலிருந்து ஆணிவரை எஃகு டேப்பால் அளங்கள். தூரத்தை முன்கூட்டிக் குறித்துவைத்து அதற்கு எத்தனை சுற்று என்று எண்ணினால் கடைசியில் அரைச் சுற்று, கால் சுற்று என்று ஊகிக்க வேண்டியிருக்கும். சுற்றை முழுதாக வைத்துக்கொண்டு தரையை டேப்பால் அளப்பது எவ்வளவோ மேல். இதையே போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு தடவை செய்யுங்கள்.

அசல் 99 அங்குலச் சக்கரம் 80 சுற்றில் 201.17 மீட்டர் போக வேண்டும். உங்களுக்கு 200.1, 199.9, 200.0, 200.0 என்று வருகிறது என்று வையுங்கள். சராசரி 200. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர். அதுதான் உங்கள் சக்கரத்தின் எண். முகப்பு ஒரு மைல் காட்டும்போது நீங்கள் உண்மையில் 1,609 மீட்டர் போகவில்லை, 1,600 மீட்டர்தான் போயிருக்கிறீர்கள். நான்கு அளவுகளும் ஒன்றுக்கொன்று அரை மீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் சராசரி எடுத்து ஏமாற வேண்டாம். குடத்தில் அச்சு தளர்ந்திருக்கிறதா, பட்டா நழுவுகிறதா என்று பாருங்கள்.

எஃகு டேப் வெயிலில் நீளுமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நீளும்தான். 20 டிகிரி வித்தியாசத்துக்கு 200 மீட்டரில் சுமார் 5 சென்டிமீட்டர். இந்தச் சக்கரத்துக்கு அது கவலையே இல்லை.

இது பழைய கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். இன்றும் மராத்தான் பாதையை அளக்கிறவர்கள் சைக்கிளின் முன்சக்கரத்தில் ஒரு எண்ணியை மாட்டி, எஃகு டேப்பால் அளந்த பாதையில் ஓட்டிப் பார்த்து, சக்கரத்தின் எண்ணைக் கண்டுபிடித்த பிறகுதான் அளக்கக் கிளம்புகிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று கூடுதலாகவும் சேர்க்கிறார்கள், மராத்தானுக்கு அது 42 மீட்டர்.

உருட்டும்போது

ஒருவர் தள்ள, ஒருவர் எழுத என்று இரண்டு பேர் போவது நல்லது. தள்ளுகிறவருக்கு ஒரே வேலை, நேராகப் போவது. ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை அரை மீட்டர் இப்படியும் அப்படியும் வளைந்து போனால் தூரத்தில் அரை சதவீதம் கூடிவிடும். தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறிவைத்து நடங்கள். முகப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் தானாக வளையும்.

வேகம் வேண்டாம். வேகமாகத் தள்ளினால் சக்கரம் கல்லில் மோதித் துள்ளும், காற்றில் சும்மா சுற்றும். மணலில் அமுங்கும், சேற்றில் சுற்றாமல் இழுபடும். ஓடை குறுக்கிட்டால் இந்தக் கரையில் எண்ணை எழுதிக்கொண்டு, சக்கரத்தைச் சுற்றவிடாமல் தூக்கிப்போய், அந்தக் கரையில் மறுபடி தொடங்குங்கள். ஓடையின் அகலத்தை டேப்பால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சரிவு இன்னொரு தலைவலி. சக்கரம் தரையின்மேல் போகிற தூரத்தைச் சொல்லும், வரைபடத்துக்கு வேண்டியது மட்டமான தூரம். 5 டிகிரி சரிவில் கிலோமீட்டருக்கு 4 மீட்டர்தான் வித்தியாசம், விட்டுவிடலாம். 10 டிகிரியில் 15 மீட்டர், விட முடியாது. ஒட்டுமொத்தமாக வளைவு, மேடு பள்ளம், தேய்மானம் எல்லாமே ஒரே திசையில், கூட்டித்தான் காட்டும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது.

இதனால்தான் நுணுக்கமான வேலைக்குச் சக்கரத்தை எடுக்க மாட்டார்கள். 1802-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தன் பெரிய முக்கோண அளவைக்கு அடிக்கோடு (மற்ற கணக்குகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) அளந்தபோது பிடித்தது எஃகுச் சங்கிலி. சக்கரத்தின் இடம் சாலை. நாளெல்லாம் நடந்து போகிற வழியில் சங்கிலியை நீட்டி மடக்கிக்கொண்டிருக்க முடியாது. வரைபடக்காரர் ஜான் கேரி 1794-இல் இங்கிலாந்தின் அஞ்சல் சாலைகளை அளக்கப் பணிக்கப்பட்டபோது சுமார் 9,000 மைல் அளக்க வேண்டியிருந்தது.

அளவைச் சக்கரமே இல்லாமல் வண்டிச்சக்கரத்தால் அளந்தவர்களும் உண்டு. 1847-இல் அமெரிக்காவின் மேற்கே போன மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வண்டித்தொடரில் வில்லியம் கிளேட்டன் என்பவர் வண்டிச்சக்கரத்தின் ஆரக்காலில் சிவப்புத் துணியைக் கட்டி, அது சுற்றி வருவதை நாளெல்லாம் எண்ணிக்கொண்டே நடந்தார். 14 அடி 8 அங்குலச் சுற்றளவு, மைலுக்கு 360 சுற்று. சில நாள் எண்ணிச் சலித்த பிறகுதான் அவர்கள் மரப் பல்சக்கரங்களால் ஒரு எண்ணியைச் செய்து வண்டியில் மாட்டினார்கள். உங்கள் முகப்பு பழுதாகி முள் நகரவே இல்லை என்றாலும் கவலை இல்லை. ஒரு துணித்துண்டும் பொறுமையும் போதும்.

காகிதத்துக்குக் கொண்டுவருவது

குறிப்பேட்டை அடியிலிருந்து மேலாக எழுதுங்கள். நடுவே ஒரு பட்டை வரைந்து அதில் சுற்று எண்ணிக்கை, பட்டைக்கு இடப்பக்கம் இடதுகைப் பக்கம் தெரிவது, வலப்பக்கம் வலதுகைப் பக்கம் தெரிவது. முன்னால் பார்த்துக்கொண்டு நடக்கும்போது பக்கமும் சாலையும் ஒரே திசையில் ஓடும், இடம் வலம் குழம்பாது. சாலை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, எண்ணை எழுதி, திசைகாட்டியில் அடுத்த நேர்த்துண்டின் கோணத்தை எடுங்கள். ஆனால் சக்கரத்தின் பட்டா இரும்பு, அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் திசைகாட்டியின் ஊசி அதை நோக்கி இழுக்கும். நாலைந்து எட்டு தள்ளிப்போய்ப் பாருங்கள்.

வரைவதற்கு, ஆங்கிலேய வரைபட வெளியீட்டாளர் ஜான் ஓகில்பி 1675-இல் வெளியிட்ட சாலைப் படங்களைவிட நல்ல முன்மாதிரி இல்லை. மொத்தம் நூறு தகடுகள், மைலுக்கு ஒரு அங்குலம். ஒவ்வொரு தகட்டிலும் சாலையை நீளமான சுருள் துண்டுகளாகப் பிரித்து, கீழிருந்து மேலாக, அடுத்தடுத்துப் போட்டிருப்பார். துண்டுக்குத் துண்டு வடக்குத் திசை மாறும், அதனால் ஒவ்வொன்றிலும் தனி திசைக்குறி. ஏறும் மலையை நேராகவும் இறங்கும் மலையைத் தலைகீழாகவும் வரைந்திருப்பார். முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். நடந்து பார்த்தால் எவ்வளவு வசதி என்று தெரியும்.

அளவு வைத்து வரையும்போது சுற்று எண்ணிக்கையை உங்கள் எண்ணால் பெருக்கி, மீட்டராக்கி, அதன்பிறகே சுருக்குங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகச் சுருக்கினால் பின்னங்கள் சேர்ந்து கடைசியில் இடிக்கும். தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்த மொத்தத் தூரத்தை வைத்தே ஒவ்வொரு புள்ளியையும் குறியுங்கள்.

பராமரிப்பு

சுருக்கமாக: தொடாதீர்கள். வெள்ளிநிறத்தில் மின்னும் முகப்பு வெள்ளித் தகடு இல்லை, பித்தளைமேல் தேய்த்த மெல்லிய வெள்ளிப் பூச்சு. பித்தளை பாலிஷ் போட்டால் ஒரே தடவையில் மஞ்சளாகிவிடும். எனக்கு முன் ஒருவர் அன்போடு செய்த வேலை அது, எண்களில் இருந்த கறுப்பு மெழுகும் போய்விட்டது. காய்ந்த மென்துணியால் தூசி தட்டுங்கள், போதும். மரம் சுருங்கிப் பட்டா தளர்ந்தால் மாட்டுவண்டிச் சக்கரத்தைத் தண்ணீரில் ஊறப்போடுவது மாதிரி இதை ஊறப்போட்டுவிடாதீர்கள். வட்டையின் (சக்கரத்தின் வெளிவட்ட மரம்) இணைப்புகள் உப்பிப் பிளக்கும், பித்தளைக்குள் ஈரம் போகும். தளர்ந்த பட்டாவோடு உருட்டாமல் நிறுத்திவைத்து, மரச்சக்கரம் தெரிந்த பழுதுநீக்குபவரிடம் காட்டுங்கள்.

நிறுத்திவைக்கும்போது சக்கரத்தைத் தரையில் ஊன்றி வைக்காமல், கவையைத் தாங்கி, சக்கரம் காற்றில் நிற்கும்படி வையுங்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எடை தாங்கினால் அந்த இடம் தட்டையாகும். அடுத்த முறை உருட்டப் போகும்போது, பழைய எண்ணை நம்பாமல் 80 சுற்றை மறுபடி ஓட்டிப் பாருங்கள். மழைக்காலத்து மரமும் கோடைக்காலத்து மரமும் ஒரே எண்ணைச் சொல்லாது. என் அட்டையில் இப்போது ஐந்து தேதிகளும் ஐந்து எண்களும் இருக்கின்றன, 2.497 முதல் 2.504 வரை.